விசில் நின்ற ஒன்பது படிகள்

என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருஷமாக அவர் எந்த லிஃப்ட்டிலும் கால் வைத்ததில்லை.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும். நாங்கள் மாதாமாதம் பராமரிப்புக்குப் போகும் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் ஒன்பதாவது மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அத்தான் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுவதை நாலைந்து மாதமாகக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, ஒருநாள் என்னை வழிமறித்துப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. சமைச்சவனே சாப்பிட மாட்டேங்கறான்னா, நான் எப்படி அந்தச் சாப்பாட்டுல கை வைக்கிறது?"

மேல்படியிலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "டீச்சர், லிஃப்ட் தங்கமா இருக்கு. நான்தான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

அத்தான் விரலை மேலே காட்டினார். டீச்சர் அண்ணாந்து பார்த்து, "பதினாறாவது மாடி செக்ரட்டரிக்கா? அந்த ஆளுக்கெல்லாம் எதுக்கு வாக்கு குடுக்கறீங்க?" என்றார்.

தொழில் தெரிந்தவர்களுக்கு வேறு சந்தேகம் வரும். ஏறாமல் எப்படி வேலை பார்க்கிறார்? லிஃப்ட் வேலையில் பாதி, பெட்டியின் கூரைமேல் நின்றபடி மெதுவாக மேலும் கீழும் போய்ப் பார்க்கிற வேலை. "உள்ள நின்னாத்தானே ஏறினதா அர்த்தம், கூரைமேல நின்னா அது வேலைதானே" என்று நான் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்திருக்கிறேன். "பஸ்ஸுக்கு உள்ள உக்காந்தாலும் மேல உக்காந்தாலும் ஊர் போய்ச் சேந்துடுவல்ல மாப்ள?" என்றார். அன்றிலிருந்து கூரை வேலை முழுக்க எனக்கு. உச்சியில் இருக்கும் மெஷின் ரூமும், அடியில் இருக்கும் பள்ளமும், மாடிக்கு மாடி இருக்கும் கதவுகளும் அவருக்கு. நான் இல்லாமல் அவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதால் கம்பெனியும் எங்களைப் பிரித்ததில்லை. அவர் கொடுத்த வாக்கு என்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தம் வேறு. அவர் வாக்குக் கொடுத்த அதே நாளில், அதே படிக்கட்டில், அவருக்கு மூன்று படி பின்னால் ஏறிக்கொண்டிருந்த நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். அவர் காப்பாற்றினார். நான் காப்பாற்றவில்லை.

அன்று விடுமுறை நாள். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ஏதோ அவசரம் என்று கூப்பிட்டுப் போயிருந்தாள். நானும் அத்தானும் அவர்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு, யார் சொல்வது சரி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர்களுடைய ஒரே மகளுக்கு அப்போது நாலு வயசு. அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து ஒன்று எப்போதும் கையில் இருக்கும். வாத்தின் வயிற்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் விசில். அதைப் பல்லால் கடித்துப் பிடுங்கிவிட்டாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது வாத்து தரையில் கிடந்தது. குழந்தை அழவில்லை, கத்தவில்லை. மூச்சை இழுத்தாள், விசில் அடித்தது. மூச்சை விட்டாள், விசில் அடித்தது.

முதலில் நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. தூக்கிக்கொண்டு ஓடினோம். கீழே இருந்த டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சுக்குழாய்ல மாட்டியிருக்கு. நகர்ந்தா அடைச்சுக்கும். ஏழாவது மாடி ஆபரேஷன் தியேட்டர், உடனே போங்க" என்றார். சொல்லிக்கொண்டே மேலே போன் போட்டார். ஒரு நர்ஸ் எங்களுக்கு முன்னால் ஓடினார். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். அதன் கதவில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'பழுது. இரண்டாவது மாடிக் கதவு.'

அத்தான் ஒரு நொடிகூட நிற்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான் பின்னால். என் கையில் அவளுடைய சின்னச் செருப்பு இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒன்பது படி ஏறினால் ஒரு திருப்பம், இன்னும் ஒன்பது ஏறினால் அடுத்த மாடி. ஐந்தாவது மாடி தாண்டும்வரை அந்த விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்கக் காதை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், அந்தத் திருப்பத்தில், விசில் நின்றது.

நான் இரைச்சலிலேயே பிழைப்பு நடத்துகிறவன். அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. அத்தானின் காலடிச் சத்தம் மட்டும் இருந்தது. அவர் தோளுக்கு மேலே குழந்தையின் முகம் தெரிந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

வேறு யாரை அவள் பார்ப்பாள்? அந்த லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நாலு நாளைக்கு முன்பு அதைப் பராமரித்தவன் நான். அது என் பட்டியலில் உள்ள இடம் இல்லை. லீவில் போன ஒருவருக்குப் பதிலாகப் போயிருந்தேன். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. மொத்தம் எட்டுக் கதவு. ஒவ்வொரு கதவின் தலைமாட்டிலும் ஒரு பூட்டு, பூட்டுக்குள் இரண்டு சின்னச் செப்புத் தகடு. கதவு ஒழுங்காக மூடினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும், லிஃப்ட் நகரும். தொடாவிட்டால் ஓர் அங்குலம்கூட நகராது. எட்டையும் திறந்து, பார்த்து, துடைத்து, பராமரிப்பு அட்டையில் எட்டு டிக் போட வேண்டும். நான் மேலிருந்து தொடங்கி ஐந்து கதவு பார்த்தேன். மணி ஒன்றரை. பசி. மிச்சம் மூன்றுக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எங்களுக்குள் இதற்குச் செல்லப் பெயரே உண்டு, 'பேனா சர்வீஸ்'. எல்லோரும் செய்வதுதான். எல்லோருடைய அக்கா மகளும் அந்தப் படிக்கட்டில் மூச்சில்லாமல் போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கும் கடவுளுக்கும் அதற்கு முன்பு பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வழிக்கு நான் போவதில்லை, என் வழிக்கு அவர் வருவதில்லை. அன்றைக்கு, அந்தத் திருப்பத்தில், மனசுக்குள் கதறினேன். 'கடவுளே, இந்தக் குழந்தை மூச்சு விடட்டும். நான் செஞ்சத அத்தான்கிட்ட சொல்லிடறேன்.' இவ்வளவுதான். வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை.

அத்தான் ஆறாவது மாடியின் கடைசிப் படியில் கால் வைத்தார். கீச் என்றது.

ரப்பர் வாத்தின் அந்தச் சத்தம். மறுபடியும், மறுபடியும். செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் பக்கத்தில் நின்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை.

தியேட்டர் கதவு மூடிய பிறகு அத்தான் சுவரில் சாய்ந்து நின்றார். "இனிமே நான் லிஃப்ட்டுல கால் வைக்க மாட்டேன் மாப்ள. அந்தப் படியில வாக்கு குடுத்துட்டேன்" என்றார். ஒரு லிஃப்ட் மெக்கானிக் சொல்கிற பேச்சா இது? விட்டுக்கொடுக்க இந்த மனுஷனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா? அரைமணி நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து ஒரு சின்னத் தட்டை நீட்டினார். அதில் அந்த விசில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பெயரே விசில்தான்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சொல்ல முடியவில்லை. மறுவாரம் அத்தான் எல்லோரிடமும், "இவன் கூட இருந்ததாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், சொல்ல வாய் வரவில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். நான் ஆற்றைக் கடந்து, துணியைப் பிழிந்து உடுத்திக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அத்தான் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தார். கல்யாண வரவேற்பு பத்தாவது மாடியில் என்றால், சாப்பாட்டுப் பந்தி பாதி முடியும்போதுதான் வந்து சேருவார். கம்பெனி முதலாளியின் அறை பன்னிரண்டாவது மாடியில். பாராட்டுப் பத்திரம் வாங்கக் கூப்பிட்டபோது தொப்பலாக நனைந்து போய் நின்றார். "வெளிய மழையா?" என்று முதலாளி ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீடு நாலாவது மாடியில். விசிலுக்கு அது ஒரு விளையாட்டு. அவள் லிஃப்ட்டில் ஏறுவாள், அவர் படியில் ஓடுவார், யார் முதலில் என்று பந்தயம். முன்பெல்லாம் அவர்தான் ஜெயிப்பார்.

அவரை நானும் கேலி செய்திருக்கிறேன். ஆனால் ஒரு மத்தியானத்தை என்னால் மறக்க முடியாது. பதினாலு மாடிக் கட்டடம். வேலை முடிந்து கீழே வந்த பிறகுதான், ஸ்பானரை உச்சி மெஷின் ரூமிலேயே விட்டுவிட்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கூடத்தில் ஈ காக்கை இல்லை. லிஃப்ட் கீழே கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான் டீ குடிக்கப் போய்விட்டதாக அவர் நினைத்திருந்தார்; நான் அதன் கூரைமேல் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அத்தான் லிஃப்ட்டைப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி அந்தக் கதவை மெதுவாகத் தள்ளிச் சாத்திவிட்டுப் படிப்பக்கம் போனார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒரு மனுஷன் இப்படி இருக்க முடியுமா? அவருக்கு அங்கே யாரோ இருந்தார்கள். எனக்கும்தான் இருந்தார்கள். நான்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அவருடைய முட்டி இரண்டும் போய்விட்டன. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டி, உள்ளே ஜவ்வே இல்லை, எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார். இன்னும் ஒரு வருஷம் இப்படிப் படியேறினால் பிறகு நடக்கவே முடியாது என்றும் சொன்னார். அத்தான் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, மூன்றாவது மாடியில் இருந்த அந்த கிளினிக்கிலிருந்து படியிலேயே இறங்கினார்.

அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"கடவுள் என்ன ஹெட்மாஸ்டரா, தெனம் அட்டெண்டன்ஸ் எடுக்க? பதினோரு வருஷம் ஏறியாச்சு, போதும்னு நீ சொல்லு."

"நான் சொன்னா கேப்பாராக்கா?"

"நீ சொன்னாத்தான் கேப்பாரு. உன்ன விட்டா அவருக்கு வேற யாருடா இருக்கா?"

அன்று இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த லிஃப்ட் ஓடியிருந்தால் அவர் அன்று படியே ஏறியிருக்க மாட்டார். ஏறாவிட்டால் வாக்கும் இல்லை, இந்த முட்டியும் இப்படி ஆகியிருக்காது. அவர் கால்களைத் தின்றது நான் போட்ட மூன்று டிக். அவர் வாக்கை விடச் சொல்லி நான் எந்த வாயால் கேட்பது? சொன்னால் அவரை இழந்துவிடுவேன், அக்காவையும் விசிலையும் சேர்த்து. சொல்லாவிட்டால் அவர் கால்கள் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான், அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே மருத்துவமனையில் வேலை வந்தது. பழைய லிஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போடப் போகிறார்கள், மெஷின் ரூமைக் காலி செய்து கொடுக்க வேண்டும். முதல் நாள் அளவெடுக்க நான் மட்டும் போனேன். மெஷினுக்குப் பின்னால், துருப்பிடித்த தகரப் பெட்டியில், வருஷவாரியாகப் பராமரிப்பு அட்டைகள் அடுக்கியிருந்தன. தேடினேன். இருந்தது. எட்டு டிக், கீழே என் கையெழுத்து. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கை வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இருவரும் போனோம். மத்தியானம்வரை லிஃப்ட் ஓடும் என்று காவலாளி சொன்னார். வழக்கமாக நான் லிஃப்ட்டில் போய்விடுவேன், அவர் பின்னால் வந்து சேருவார். அன்று நானும் அவரோடு படியில் கால் வைத்தேன்.

"என்ன மாப்ள, உனக்கும் வேண்டுதலா?" என்று சிரித்தார்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, பிறகு அடுத்த படிக்குப் போனார், புதிதாக நடக்கப் பழகும் குழந்தை மாதிரி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். ஐந்தாவது மாடி தாண்டித் திருப்பம் வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கதான்" என்றார்.

"தெரியும் அத்தான்."

அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு அந்த அட்டையைப் படிக்க இரண்டு நொடி போதும். அவர் வெகுநேரம் படித்தார்.

"இது உன் கையெழுத்து."

"ஆமா."

"ரெண்டாவது மாடிக்கு டிக் போட்டிருக்க."

"பாக்காமலே போட்டேன் அத்தான். கீழ மூணு கதவையும் தொறக்கவே இல்ல. பசிக்குதுன்னு போயிட்டேன்."

ஓர் அம்மாள் கையில் பிளாஸ்கோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனார். அத்தான் நகர்ந்து வழிவிட்டார். பிறகு அட்டையை நான்காக மடித்தார்.

"நீ போ" என்றார்.

"அத்தான்..."

"லிஃப்ட் ஓடுதுல்ல, அதுல போ. என் கண்ணு முன்னாடி நிக்காத."

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஒன்பது படி இறங்கி ஐந்தாவது மாடிக்கு வந்தேன். லிஃப்ட் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே போகக் கால் எழவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"பதினோரு வருஷம் வாயத் தொறக்கல. இப்ப எதுக்குடா சொன்ன?"

"அன்னிக்கே சொல்றேன்னு வாக்கு குடுத்திருந்தேன்."

"யாருக்கு?"

நான் திருப்பத்தைப் பார்த்து நின்று விரலை மேலே காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"எப்ப குடுத்த?"

"விசில் நின்னுச்சே, அப்ப. உங்க பின்னாடி வந்துக்கிட்டே."

"என்ன கேட்ட? ஒரு வார்த்த மாறாம சொல்லு."

சொன்னேன். குழந்தை மூச்சு விடட்டும், அத்தானிடம் சொல்லிவிடுகிறேன் என்று. அந்தப் படிக்கட்டில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயந்துகொண்டே மெதுவாக ஏறினேன். அத்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமான முகம் இல்லை. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்ட முகம்.

"மாப்ள, அன்னிக்கு நான் கேக்கல."

"எது?"

"எதையுமே கேக்கல. நீங்க எல்லாரும் நினைக்கற மாதிரி நான் வேண்டிக்கிட்டதால அவ பொழைக்கல. விசில் நின்னப்ப எனக்கு எல்லாம் மரத்துப் போச்சு. என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? இன்னும் இருபத்தேழு படி. இருபத்தாறு. இருபத்தஞ்சு. பெத்த பொண்ணுக்கு மூச்சு நின்னு போச்சு, அப்பன்காரன் படி எண்ணிக்கிட்டு இருக்கேன். கடவுள்னு ஒரு நெனப்பே வரல. பதினெட்டுன்னு எண்ணினப்ப விசில் கேட்டுச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"அதுக்கு அப்புறம்தான் நான் வாக்கே குடுத்தேன். பயத்துல குடுத்தேன். நான் கேக்காமலே அவ மூச்சத் திருப்பிக் குடுத்துட்டாங்களே, யாரோ எனக்காகக் கேட்டிருக்காங்களேன்னு. அது யாருன்னு இத்தன வருஷமா ஏறுற ஒவ்வொரு படியிலயும் யோசிச்சிருக்கேன். அந்த நர்ஸா? உங்க அக்காவா? அவளுக்கு அப்ப விஷயமே தெரியாது." அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீதானாடா கேட்ட?"

அவர் சொன்னதன் அர்த்தம் மெதுவாகத்தான் எனக்குள் இறங்கியது. அந்த மூச்சு அவர் வாக்குக்குக் கிடைத்தது இல்லை. என் வாக்குக்குக் கிடைத்தது. நான் காப்பாற்றாத வாக்குக்கு. நாலு வயசிலிருந்து பதினைந்து வயசுவரை அவள் ஓடியதும் பாடியதும் என்னோடு சண்டை போட்டதும், நான் மறந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்த ஒரு வாக்கின் பலத்தில்தான்.

"அத்தான், நான் காப்பாத்தலயே" என்றேன்.

"நீ காப்பாத்தல."

"அப்ப இத்தன வருஷம்..."

"அவ மூச்சு ஒருநாள்கூட நிக்கல, பாத்தியா" என்றார் அத்தான். "குடுத்தவங்க ஒரு தடவகூட உன்கிட்ட வந்து ஞாபகப்படுத்தல, பாத்தியா."

இருவரும் அந்த ஒன்பது படிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சாதாரண சிமெண்ட் படிகள். ஓரங்கள் தேய்ந்து, நடுவில் வழவழப்பாக இருந்தன. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நான் அழுதேன். அவர் அழுதாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் கையை நீட்டினார். "தூக்கி விடு. கோவம் போகல. போறப்ப சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறந்தா அடிப்பேன்."

ஆனாலும் கேட்டேன். "முட்டி இப்படி இருக்கே அத்தான். என் தப்பாலதானே நீங்க..."

"உன் தப்புக்கா ஏறினேன்? அந்த விசிலுக்கு ஏறினேன்" என்றார். "ஏறினது நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் கை என் தோள்மேல் இருந்தது. இருபத்தேழு என்று எண்ணத் தொடங்கினார். பதினெட்டு வரும்வரை நானும் கூடவே எண்ணினேன்.

சாயங்காலம் வீட்டில், அக்காவையும் விசிலையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா கேட்டு முடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்துப் பேசினாள்.

"நாளைக்கே கீழ் வீடு பாக்கறேன். கம்பெனி பட்டறை தரையிலதானே இருக்கு? அங்க உக்காந்து கதவுப் பூட்டு ரிப்பேர் பாருங்க. ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம். வாக்கும் உடையாது, காலும் உடையாது. ஒரு சின்ன விஷயம், பதினோரு வருஷமா உங்க ரெண்டு பேர் மண்டைக்கும் உறைக்கல."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அக்கா, சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். "நீ இப்ப கிளம்பு. நானே கூப்பிடறேன். எப்பன்னு கேக்காத."

எழுந்து வெளியே வந்தேன். லிஃப்ட்டைக் கூப்பிடத் தோன்றவில்லை, படியில் இறங்கினேன். தெருவுக்கு வந்து பத்தடி நடந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போக முகம் இல்லை. அப்படியே நடந்தேன்.

"மாமா!"

விசில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் என் செருப்பு. லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் நாலு மாடியும் படியில் ஓடி இறங்கியிருக்கிறாள். செருப்பை என் காலடியில் போட்டுவிட்டு, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி மூச்சு வாங்கினாள். இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

நான் செருப்பைப் போடாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"என்ன மாமா அப்படிப் பாக்கற?" என்றாள்.